தொரை வீடு பாக்கப் போற மருமகனுக்கு

மருமகனே, செப்டம்பர்ல இங்கிலாந்துல பழைய வீடு, தோட்டமெல்லாம் ஓசியாத் தெறந்து விடுதாகளாம், பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்தப்போறேன்னு சொன்னயாம். நல்ல காரியம். ஓசின்னா நம்ம குடும்பத்துக்கு ஒரு ஈர்ப்பு உண்டு, அதை நான் தடுத்தா நிக்கவா போகுது? அங்கயே எம் மக வீட்டுல கெடந்த காலத்துல நானும் அந்த வாசல்ல நொழைஞ்சி பாத்தவன். அதனால நாலு வார்த்தை சொல்லி வைக்கேன். கேட்டா கேளு, இல்லாட்டி ஒன் இஷ்டம்.

ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ்னு பேரு. பிரான்சுக்காரன் 1984ல ஆரம்பிச்சி வச்ச பழக்கம். இங்கிலாந்துக்காரன் பத்து வருசம் யோசிச்சி 1994ல எறங்குனான். மத்த நாள்ல டிக்கெட்டு வாங்குத எடம், மத்த நாள்ல தெறக்கவே தெறக்காத எடம், ரெண்டுக்குமே அந்த நாள்ல காசு கெடையாது. வேல்ஸ்காரனும் ஸ்காட்லாந்துக்காரனும் வேற வேற பேருல இதையே தனியா நடத்துதான். எந்த வீடு, எந்தத் தேதிங்கிறது வருசா வருசம் மாறும். சில எடத்துல முன்கூட்டியே பேரு பதியணும். நேரா வாசல்ல போயி நின்னுக்கிட்டு, எங்க மாமா வரச் சொன்னாருன்னு எம் பேரைச் சொல்லாதே.

வாசல்ல நிக்கும்போதே வாயைப் பொளக்காதே. பெரிய மனசு பண்ணித் தெறந்து விட்டிருக்காகளேன்னு கண்ணு கலங்கவும் வேண்டாம். அந்தக் கதவைத் தெறந்து வச்சது பெரிய மனசு இல்ல, வரிக்காரன். 1894ல ஹார்கோர்ட்டுன்னு ஒரு நிதியமைச்சர், செத்தவன் விட்டுட்டுப் போன சொத்து மேல வரின்னு ஒண்ணைக் கொண்டாந்தாரு. அப்ப உச்சமே நூத்துக்கு 8தான். ரெண்டாவது உலகப்போர் முடிஞ்ச கையோட அது 75, 80ன்னு ஏறிப் போச்சு.

டெர்பிஷர்ல சாட்ஸ்வொர்த்னு ஒரு அரண்மனை. பத்தாவது டெவன்ஷர் பிரபு வெவரமான ஆளு; 1946லயே சொத்தை மகன் பேருக்கு மாத்திட்டாரு. மாத்தின பிறகு அஞ்சு வருசம் உசுரோட இருந்துட்டா வரி கெடையாதுன்னு சட்டம். 1950 நவம்பர்ல மனுசன் ஈஸ்ட்போர்ன்ல விறகு பொளந்துக்கிட்டு நிக்கையில மாரடைப்பு வந்து போயிட்டாரு. கெடுவுக்கு இன்னும் 14 வாரம்தான் பாக்கி. ஒரு பிரபு விறகு பொளக்கலாமாலே? அதுக்கு ஒரு ஆளு வச்சிருந்தா குடும்பத்துக்கு எம்புட்டு மிச்சம்! அவரைப் பாத்த டாக்டர் ஜான் போட்கின் ஆடம்ஸ், வேற ஒரு கெழவியம்மாவைக் கொன்னதா 1957ல கேஸு நடந்து விடுதலையானவரு. அது வேற கதை, ராத்திரித் தூக்கம் வராட்டி யோசிச்சிக்கோ. கடைசியில நூத்துக்கு 80 வரி. கட்டுறதுக்கு நெலம் போச்சு, பேர்போன ஓவியங்கள் போச்சு, ஹார்ட்விக்னு இன்னொரு அரண்மனையே போச்சு. சாட்ஸ்வொர்த் மிஞ்சிச்சி; அதுவும் சனங்ககிட்ட டிக்கெட்டு வித்துத்தான் கூரை ஒழுகாம நிக்குது.

இப்படிக் கூரை ஒழுகித் தவிச்ச பிரபுகளுக்கு வழி காட்டினது நேஷனல் டிரஸ்ட். 1895ல ஆரம்பிச்சப்போ அவுகளுக்கு மலை, காடு, கடற்கரையைக் காப்பாத்துறதுதான் பெரிய நெனைப்பு. 1937ல ஒரு சட்டம் வந்துச்சி: வீட்டையும், அதைப் பராமரிக்க வேண்டிய மொதலையும் டிரஸ்ட்டுக்கு எழுதிக் குடு, வரி கெடையாது, நீயும் ஒம் பிள்ளைகளும் ஒரு பக்கத்துல குடியிருந்துக்கிடலாம், சனங்களை மட்டும் அப்பப்ப உள்ள விடு. அதனாலதான் சில வீட்டுல ஒரு கதவுல ‘தனியார் பகுதி’ன்னு பலகை தொங்கும். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டா காதைக் குடுக்காதே, அது அவுக வீடு.

அரண்மனைக்குப் போறதுக்கு முந்தி, நான் சொல்லுதேன், சசெக்ஸ்ல ஆல்ஃப்ரிஸ்டன்னு ஒரு ஊருக்குப் போ. டிரஸ்ட்டு வாங்குன மொத வீடு அதுதான். 1896, வெலை வெறும் 10 பவுன். வைக்கோல் கூரை, மரச்சட்டம், 14ஆம் நூற்றாண்டுல கட்டுனது. உள்ள போயிக் குனிஞ்சி தரையைப் பாரு. சுண்ணாம்புப் பாறையைத் தட்டித் தட்டிக் கெட்டிச்சி, அதுக்கு மேல புளிச்ச பாலை ஊத்தி மெழுகியிருக்கான். காலுக்குச் சில்லுன்னு, கொஞ்சம் மேடும் பள்ளமுமா இருக்கும். எனக்கு அந்த நாட்டுல மரியாதை வந்தது அந்தத் தரையைப் பாத்துத்தான். சலவைக்கல்லுக்கு எவனும் காசு குடுத்து ஆளைக் கூட்டிரலாம். பாலு புளிச்சிப் போச்சேன்னு கொட்டப் போனவளைத் தடுத்து, ‘இரு, தரையில ஊத்துவோம்’னு சொன்னவன் மூளைதான் மூளை.

சரி, அரண்மனை. ஒவ்வொரு அறை வாசல்லயும் கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு ஒரு வயசான அம்மாவோ ஐயாவோ நிப்பாக. சம்பளம் கெடையாது, ரிட்டயர்டு ஆகி, ஆசைக்கு வந்து நிக்கிறவுக. அந்த அறையில உள்ள ஒவ்வொரு நாற்காலியோட பூர்வீகமும் அவுகளுக்கு அத்துப்படி. ஒன் பூர்வீகத்தையும் கேப்பாக. இப்ப குடியிருக்கது ரெடிங்னு சொன்னா விடமாட்டாக, அதுக்கு முந்தி எந்த ஊருன்னு அடுத்த கேள்வி வரும். கோவில்பட்டின்னு சொல்லி, கடலைமிட்டாய்ப் பாகு எந்தப் பதத்துல எறக்கணும்னு எடுத்து விடு. நாற்காலிக் கதையை நீ நின்னு கேட்ட நேரத்துக்குக் கணக்கு நேராப் போயிரும்.

நாற்காலின்னு சொன்னதும் ஞாபகம் வருது. கால் வலிக்குதேன்னு பட்டு மெத்தையில ஒக்காரப் போயிறாதே. உத்துப் பாத்தா நடுவுல காஞ்ச முள்ளுத்தலை ஒண்ணு கெடக்கும். காட்டுச் செடியோட பூத்தலை. முட்டையைக் கொஞ்சம் இழுத்து விட்ட அளவு, சுத்திலும் கொக்கி கொக்கியா முள்ளு. அந்தக் காலத்துல கம்பளித் துணியைச் சீவி மொசுமொசுன்னு ஆக்குறதுக்கு நெசவாளி அதைத்தான் வச்சிருந்தான். இப்ப ‘ஒக்காராதே’ன்னு எழுதி மாட்டுனா வந்தவனுக்கு மரியாதைக் கொறைச்சல்னு, சேதியை நேரா சம்பந்தப்பட்ட எடத்துக்கே சொல்லுறாப்ல ஏற்பாடு. சில வீட்டுல பைன் மரத்துக் காய் வச்சிருப்பான். ரெண்டுக்கும் எது மேல்னு என்னையக் கேக்காதே.

அறையெல்லாம் இருட்டாக் கெடக்கும். வெளிச்சம் பட்டா துணிச்சாயம் வெளுத்துப் போகும்னு திரையை இழுத்து விட்டிருப்பான். இந்த ஊரு வெயிலுக்கா இம்புட்டுக் காவல்னு சிரிக்காதே, 300 வருசம் சேந்தா அதுவும் வெளுக்கும். அப்புறம், சில வீட்டுச் சுவத்துல ஜன்னல் இருக்கவேண்டிய எடத்துல செங்கல் வச்சி அடைச்சிருக்கும். 1696ல இருந்து 1851 வரைக்கும் ஜன்னலுக்கு வரி போட்டான். வரிக்குப் பயந்து வெளிச்சத்தை அடைச்சவன் உண்டு. ஆனா அடைச்ச ஜன்னலெல்லாம் வரிக்கு இல்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கட்டும்னு கட்டும்போதே சிலதைப் பொய்யா வச்சிருக்கான். அதனால கண்ட ஒடனே ‘வரி, வரி’ன்னு பொண்டாட்டிகிட்ட அளந்துவிடாதே. பின்னாலேயே ஒரு தொண்டர் அம்மா நிப்பா, திருத்திருவா. வீடு வர்ற வரைக்கும் ஒனக்கு மரியாதை இருக்காது.

அந்த வரி வர்றதுக்கு நூறு வருசம் முந்தி, கண்ணாடி பவுனு வெலை வித்த காலத்துல, சுவரை விட ஜன்னலை அதிகமா வச்சிக் கட்டுனவ ஒருத்தி. மேல சொன்னேனே ஹார்ட்விக், அதுதான். பெஸ்னு பேரு. நாலு கல்யாணம், ஒவ்வொரு புருசன் போகையிலயும் சொத்து கூடிக்கிட்டே வந்துச்சி. 1590கள்ல வீட்டைக் கட்டி, ஆறு கோபுரத்து உச்சியிலயும் தன் பேரோட மொத எழுத்து ரெண்டைக் கல்லுல செதுக்கி நிறுத்திட்டா. நம்ம கோயில்ல உபயதாரர் பேரை எழுதியே டியூப்லைட் வெளிச்சத்தை மறைச்சிருப்பானே, அதே சோலிதான். என்ன, இந்தம்மா வானத்தை மறைச்சிருக்கா.

பெரிய படிக்கட்டுல நின்னு படம் புடிக்க வரிசை நிக்கும். அந்த வரிசையில நீ நிக்காதே. வேலைக்காரக படிக்கட்டு எங்கன்னு கேளு. சுவத்துக் காகிதத்தையே மேல ஒட்டி, சுவரு எது, கதவு எதுன்னு தெரியாதபடிக்கு ஒரு வழி வச்சிருப்பான். வெந்நித் தண்ணியும், நிலக்கரிக் கூடையும், ராத்திரிச் சட்டியும் அந்த இருட்டுப் படியிலதான் ஏறி எறங்கிச்சி. கீழ அடுக்களைப் பக்கத்துல, சுருள் கம்பியில வரிசையா மணி தொங்கும். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் அறைப் பேரு. எந்த மணி ஆடுதோ அந்த அறைக்கு ஓடணும். இதைப் பாக்கணும்னா வேல்ஸ்ல எர்திக்னு ஒரு வீடு இருக்கு. அந்த வீட்டு யார்க் குடும்பம் தச்சன், கொல்லன், சமையக்காரின்னு வேலைக்காரகளைப் படமா வரைஞ்சி, அவுக மேல பாட்டும் கட்டி மாட்டியிருக்கு. பாட்டு சுமார்தான், ஆனா செஞ்சானே, எவன் செஞ்சான்? கடைசி வாரிசு 1973ல டிரஸ்ட்டுக்குக் குடுக்கும்போது, கீழ நிலக்கரிச் சுரங்கம் தோண்டுனதுல வீடே இறங்கிப்போயிக் கெடந்துச்சி.

இப்ப தோட்டத்துக்கு வா. மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா புல்லு ஒரே விரிப்பா ஓடி, தூரத்துல ஆடு மேயும். வேலியே தெரியாது. ஆட்டுக்கு அம்புட்டு ஒழுக்கமான்னு கேக்கத் தோணும். நடந்து போயிப் பாத்தா நடுவுல ஒரு பள்ளம். வீட்டுப் பக்கம் செங்குத்தாச் சுவர், ஆட்டுப் பக்கம் சரிவு. ஹா-ஹான்னு அதுக்குப் பேரு. வீட்டுல இருக்கவன் கண்ணுக்கு எல்லைன்னு ஒண்ணு தெரியக்கூடாது, ஆட்டுக்கு மட்டும் தெரியணும். செல்போனைப் பாத்துக்கிட்டே நடந்தேன்னு வையி, ஒனக்கும் தெரிஞ்சிரும்.

அங்க ஏரி, மேடு, தோப்பு எல்லாத்தையும் பாத்து, ‘ஆகா, இயற்கை’ன்னு உருகுவாக. அதுல முக்காவாசி மம்பட்டி வேலை. லேன்சலாட் பிரவுன்னு ஒரு ஆளு, 1783ல செத்தாரு, ஊரு ஊராப் போயி ஓடையை மறிச்சி ஏரி ஆக்கி, மேட்டை வெட்டிப் பள்ளத்துல கொட்டி, இயற்கையைச் செஞ்சி குடுத்தாரு. டார்செட்ல மில்டன் பிரபுன்னு ஒருத்தரு. ஜன்னலைத் தெறந்தா எதுத்தாப்ல ஒரு ஊரே கண்ணை உறுத்துது. சந்தை, பள்ளிக்கூடம், சாராயக்கடை எல்லாம் உள்ள ஊரு. வீடு வீடா வாங்கி இடிச்சிட்டாரு. ஒரு வக்கீலு மட்டும் போகமாட்டேன்னு உக்காந்துட்டான். ஏரி மடையைத் தெறந்து விட்டு அவன் வீட்டுக்குள்ள தண்ணியை ஏத்துனாராம். வக்கீலு கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சான்னு கதை. ஊரு போனது போனதுதான். மில்டன் ஆபஸ்னு பக்கத்துப் பள்ளத்துல ஒண்ணுபோல வீடு கட்டி, சனங்களை அங்க தள்ளிட்டாரு. வெள்ளைச் சுவரு, வைக்கோல் கூரை, ரெண்டு வரிசை. இப்ப எல்லாரும் போயி, எம்புட்டு அழகான கிராமம்னு அங்க நின்னு செல்ஃபி எடுக்கான். நீயும் எடு. அடுத்த ஆளு ‘அழகு’ன்னு சொல்லும்போது, வக்கீல் வீட்டுல தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சின்னு மெதுவாக் கேளு.

சர்ரேல பெயின்ஸ்ஹில்னு ஒரு தோட்டம். அதை உண்டாக்குன சார்லஸ் ஹாமில்டனுக்கு ஒரு ஆசை: தோட்டம்னா ஒரு குடிசை வேணும், குடிசைன்னா அதுல ஒரு சாமியார் வேணும். சம்பளத்துக்கு ஆள் தேடுனாராம். ஏழு வருசம் இருக்கணும். தலைமுடி, தாடி, நகம் எதையும் வெட்டக்கூடாது, யாருகிட்டயும் பேசக்கூடாது. பைபிள், மூக்குக்கண்ணாடி, பாய், மணற்கடிகாரம் உண்டு. முடிச்சா 700 கினி. வந்தவன் மூணு வாரத்துல சாராயக்கடையில பிடிபட்டான்னு சொல்லுவாக. பேசாம இருன்னா இருந்திருப்பான், குடிக்காம இருக்கத்தான் முடியல. ஹாமில்டனும் கடன் முத்தி 1773ல தோட்டத்தை வித்துட்டாரு. குடிசையை இப்ப மறுபடியும் கட்டி வச்சிருக்காக. உள்ள ஆள் கெடையாது. ஒன் சம்பளம் பத்தலைன்னு தோணுச்சின்னா விசாரிச்சிப் பாரு.

இனிமே நான் சொல்லுதது நீ அங்க வாயைத் தெறந்து கேக்கக்கூடாத விசயம். கேட்டா தேத்தண்ணி ஆறிப் போகும். இம்புட்டுப் பணம் எங்கருந்து வந்துச்சி?

கிளைவு பேரு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பே, ஆற்காட்டுக் கோட்டையில உக்காந்தவரு. சர்ரேல கிளேர்மாண்ட்னு ஒரு எடத்தை வாங்கி, இருந்த மாளிகையை இடிச்சிட்டு, நம்ம மேடு பள்ளம் பிரவுனை வச்சே புதுசு கட்டுனாரு. அதுல வாழ்ந்து பாக்கக் குடுத்து வைக்கல, 1774ல போயிட்டாரு. மாளிகையில இப்ப பள்ளிக்கூடம் நடக்கு, தோட்டம் டிரஸ்ட்டு கையில. அவரு மகன் எட்வர்டு கிளைவு 1798ல நம்ம மெட்ராஸுக்கே கவர்னரா வந்தாரு. அடுத்த வருசம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்துச்சி. வேல்ஸ்ல போவிஸ் கோட்டைக்குப் போனேன்னா திப்பு சுல்தானோட கூடாரத்தைக் காட்டுவாக. பூப்போட்ட சீட்டித் துணி, இன்னும் சாயம் போகாம இருக்கு. கொண்டு போன பிறகு அதைத் தோட்டத்துல அடிச்சி விருந்து வச்சிருக்காக. சுல்தான் பாளையத்துல போட்ட கூடாரம், சீமாட்டிக கேக்கு தின்னுறதுக்கு நெழலாப் போச்சு. கவர்னர் சம்சாரம் ஹென்ரியட்டா, 1800ல ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர்னு ஏறத்தாழ ஆயிரம் மைல் நம்ம ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கு. அதுவும் ஓசிதான்.

என் வயிறு எரிஞ்சது கூடாரத்தைப் பாத்து இல்ல. ஹெர்ட்ஃபோர்ட்ஷர்ல உட்ஹால் பார்க்னு ஒரு மாளிகை. கட்டுனவரு தாமஸ் ரம்போல்டு, 1778ல இருந்து 1780 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். அவருக்கு அப்புறம் அதை வாங்குனவரு பால் பென்ஃபீல்டு. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்து, ஆற்காட்டு நவாபு மொகமது அலிக்கு வட்டிக்கு விட்டே கொழுத்த ஆளு. நவாபுகிட்ட ரொக்கம் ஏது? தஞ்சாவூர் வருமானத்தையும் நெல்லு வெளைச்சலையும் ஈடா எழுதிக் குடுத்தாரு. 1776ல கவர்னர் பிகட் தஞ்சாவூரை அந்த ஊரு ராஜாகிட்டயே திருப்பிக் குடுத்ததும் பென்ஃபீல்டு, ‘அந்த நெல்லு மேல எனக்குப் பாக்கி இருக்கு’ன்னு 2 லட்சம் பவுனுக்கு மேல கணக்கை நீட்டுனாரு. சண்டை முத்தி, கவுன்சில்காரக கவர்னரையே புடிச்சி அடைச்சிட்டாக. காவல்லயே 1777ல செத்துப் போனாரு பிகட். காவேரித் தண்ணியில, முழங்கால் சேத்துல நின்னு நட்டவ, தன் நாத்து எந்தச் சீமையில தூணா நிக்கப் போகுதுன்னு கண்டாளா? பென்ஃபீல்டும் நல்லா வாழல. எல்லாத்தையும் தொலைச்சிட்டு 1810ல பாரிஸ்ல செத்தாரு. மாளிகை மட்டும் நிக்குது. அதுலயும் இப்ப பள்ளிக்கூடம்தான். பிள்ளைக படிக்கட்டும், பாவம்.

இதையெல்லாம் நான் கெளப்பி விடுதேன்னு நெனைக்காதே. 2020ல டிரஸ்ட்டே உக்காந்து கணக்கெடுத்து, தன் கையில உள்ளதுல 93 எடத்துக்கு அடிமை யாவாரத்தோடயோ காலனிப் பணத்தோடயோ தொடர்பு உண்டுன்னு எழுதி வெளியிட்டுச்சி. ஒரு கூட்டம் ‘நாங்க ரோசாப்பூ பாக்க வந்தோம், இது எதுக்கு’ன்னு குதிச்சிது. அவுக கோவமும் எனக்குப் புரியுது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு நடுவுல வரதட்சணைக் கணக்கை எடுத்தா யாருக்குத்தான் எறங்கும்?

தேத்தண்ணிக் கடை எப்படியும் பழைய குதிரை லாயத்துலதான் இருக்கும். ஸ்கோனுன்னு ஒரு பன்னு கெடைக்கும், வாங்கு, வாசல்ல மிச்சம் பண்ணுன காசு அங்க சரியாப் போயிரும். வெளிய வர்ற எடத்துல உண்டியல் இருந்தா ஒரு பவுனு போடு. கூரைக்கு ஓடு போடணும்லா.

சாட்ஸ்வொர்த் போனேன்னா கண்ணாடிக் கூடத்துல வாழையைப் பாரு. 1830கள்ல ஜோசப் பாக்ஸ்டன்னு அங்க இருந்த தோட்டக்காரரு எங்கேயோ இருந்து வந்த குட்டை வாழையைக் காய்க்க வச்சி, மொதலாளி குடும்பப் பேரையே வச்சாரு, கேவண்டிஷ்னு. நம்ம தேனிப் பக்கம் ஏக்கர் ஏக்கரா ஜி-9 வாழை போட்டிருக்கானே, அதுவும் அந்த வகையறாதான். அதுக்காகக் கன்னு ஒண்ணைப் புடுங்கி மடியில வச்சிக்கிட்டு வந்துறாதே, ஏர்போர்ட்ல புடிப்பான். ஒலகம் பூராவும் செடியை வாரிக் கப்பல்ல ஏத்திக் கொண்டு போன காலத்துல யாரையும் புடிக்கல. பாக்ஸ்டனுக்குக் கண்ணாடி மாளிகை கட்டுனதுக்கு ‘சர்’ பட்டமே குடுத்தாக. ஒனக்கு அபராதச் சீட்டுத்தான்.

இன்னொண்ணு, பெரிய பை, குடையெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சிக்கிடுவான். திரும்பும்போது ஞாபகமா எடு. நீ கொண்டு போயிருக்கது ஒங்க அத்தை குடை.